டிரையாங்கிள்: ஒட்டு தெரியாத ஒட்டு (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேய், வேற்றுலகவாசி போன்ற மர்மங்களைத் துப்பறியும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான எக்ஸ்-ஃபைல்ஸின் ‘டிரையாங்கிள்’ பகுதியை நண்பர்களோடு பார்த்தேன். இரண்டு விளம்பர இடைவேளைக்கு நடுவே வரும் ஒவ்வொரு கட்டமும் வெட்டே இல்லாத ஒரே ஷாட் என்று நான் சொன்னேன். ஒரு நண்பர் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, கேமரா சட்டென்று திரும்பும் இடங்களிலெல்லாம் ஒட்டு (இரண்டு ஷாட்டைச் சேர்த்த இடம்) இருக்கிறது, இது ஏமாற்று வேலை என்கிறார். யார் சொல்வது சரி? நாங்களும் எட்டு நிமிடத்தில் ஒரே ஷாட் குறும்படம் எடுக்க நினைத்திருக்கிறோம். ஒட்டலாமா, கூடாதா? ஒட்டினால் எப்படி?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் கண்டது சரி. ஒட்டுகள் இருக்கின்றன. அதை ஏமாற்று என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1998 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான பகுதி இது. ஆறாவது சீசனில் மூன்றாவது. தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரே எழுதி இயக்கினார். 1939இல் காணாமல்போன ‘குவீன் ஆன்’ என்ற கப்பலைத் தேடி பெர்முடா முக்கோணத்துக்குப் போகும் எஃப்.பி.ஐ. அதிகாரி மல்டர், அதே கப்பலில், அதே 1939இல், நாஜிகளின் நடுவே போய்ச் சேருகிறார். வாஷிங்டனில் அவருடைய சக அதிகாரி ஸ்கல்லி அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அலைகிறார். ஐந்து சீசன்களாக வான்கூவரில் நடந்த படப்பிடிப்பு அந்த ஆண்டுதான் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியிருந்தது. பக்கத்திலேயே லாங் பீச்சில் ‘குவீன் மேரி’ என்ற பழைய பயணிகள் கப்பல் 1967 முதல் நங்கூரமிட்டு நிற்கிறது. கப்பல் காட்சிகள் அதில் எடுத்தவை.

இனி கணக்கு. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், அதாவது 16 தனிப் படம். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி செலவாகும். 1000 அடிச் சுருள் 11 நிமிடம் 6 விநாடியில் தீரும். 400 அடிச் சுருள் 4 நிமிடம் 26 விநாடியில். ஹிட்ச்காக் 1948இல் ‘ரோப்’ எடுத்தபோது முட்டிக்கொண்டதும் இந்தச் சுவரில்தான். சில இடங்களில் நடிகரின் முதுகுக் கோட்டு திரையை மறைக்கும்படி கேமராவைக் கொண்டுபோய் அங்கே சுருள் மாற்றினார். மற்ற இடங்களில் நேராகவே வெட்டினார். கார்ட்டருக்கு முன்மாதிரி அந்தப் படம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு மணி நேரத்தில் விளம்பரம் போக அன்று மிஞ்சியது சுமார் 45 நிமிடம். அதை நான்கு கட்டமாகப் பிரித்தால் கட்டத்துக்கு 11 நிமிடம் வரும். ஒரு கட்டத்தின் நீளமும் ஒரு பெரிய சுருளின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான்! சினிமாவில் ஒரே ஷாட் என்றால் எங்கே மூச்சு விடுவது என்ற கேள்வி வரும். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்து தானே வெட்டிக் கொடுக்கிறது. இந்தச் சோதனைக்கு உரிய இடம் வாரத் தொடர்தான் என்று நான் நினைப்பது இதனால்.

அப்படியானால் 1000 அடிச் சுருளைப் போட்டு ஒரே மூச்சில் எடுத்துவிடலாமே என்பீர்கள். எடை விடாது. இப்படி நடந்துகொண்டே எடுக்க, கேமரா குலுங்காமல் காக்கும் ஸ்டெடிகேம் வேண்டும். ஸ்டெடிகேம் என்பது உடம்பில் மாட்டும் கவசம், ஸ்பிரிங் கை, கேமரா நிற்கும் தண்டு, கீழ்நுனியில் எதிர் எடையாக மானிட்டரும் பேட்டரியும். தண்டைப் படுக்கை நிலையில் பிடித்து விட்டால் இரண்டு மூன்று விநாடியில் மெல்ல நிமிர வேண்டும். அதுதான் சரியான சமநிலை. ஃபிலிம் ஓட ஓட அதன் எடை ஒரு பக்கச் சுருளிலிருந்து மறு பக்கத்துக்கு நகர்கிறது. தொடக்கத்தில் சரியாக இருந்த தண்டு முடிவில் சாயப் பார்க்கும், கேமராக்காரர் கைவிரலால் அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். சுருள் பெரிதாக ஆக இந்தச் சாய்வும் கூடும், சுமப்பவரின் முதுகும் தளரும். அதனால் ஸ்டெடிகேமுக்கு 400 அடிதான் வசதி. அந்தக் கணக்கில் 11 நிமிடக் கட்டத்துக்குக் குறைந்தது இரண்டு ஒட்டு தேவை.

ஒட்டு இருந்தும் அதை நேர்மையான வேலை என்கிறேன். ஸ்கல்லி எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் அறை அறையாக, மாடி மாடியாக ஓடும் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். பேய் இல்லை, வேற்றுலகவாசி இல்லை. ஒரு துண்டுத் தகவலுக்காக ஒரு பெண் அலைகிறார், அவ்வளவே. மேலதிகாரி ஸ்கின்னர் முதலில் மறுக்கிறார், பிறகு அவரே லிஃப்டில் அந்தத் தகவல் உள்ள தாளைக் கொடுக்கிறார். சாதாரணப் படத்தொகுப்பில் லிஃப்ட் ஏறுவதை இரண்டு விநாடியில் முடித்திருப்பார்கள். இங்கே கதவு மூடும்வரை, இறங்கும்வரை நாமும் ஸ்கல்லியோடு நிற்கிறோம். அந்தக் காத்திருப்பு உண்மையான நேரத்தில் நடக்கிறது. ஸ்கல்லியாக நடிக்கும் கில்லியன் ஆண்டர்சனின் மூச்சிரைப்பும் உண்மையாகவே கூடிக்கொண்டு போகிறது. ஒட்டு அதை எங்கும் குறைக்கவில்லை.

கப்பல் கட்டங்களில் இதே பலம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மாதிரியான நடைவழிகளில் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருப்பது சிறிது நேரத்துக்கு மேல் சலிப்பாகிறது. அதை மீட்பது திரையை இரண்டாகப் பிரித்த காட்சி. இன்றைய ஸ்கல்லி ஒரு பாதியில், 1939இன் ஸ்கல்லி சாயலுள்ள பெண் மறு பாதியில். இருவரும் ஒரே மூலையில் ஒருவரையொருவர் கடந்து பக்கம் மாறுகிறார்கள், ஏதோ உணர்ந்ததுபோல ஒரு கணம் நிற்கிறார்கள். இரண்டு ஷாட்டின் நடை வேகமும் அந்த மூலையில் ஒரே நொடியில் பொருந்த வேண்டும். ஒன்று அரை விநாடி பிந்தினால்கூட காட்சி செத்துவிடும்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். டிஜிட்டலில் சுருள் தீராது. 4கே, விநாடிக்கு 100 மெகாபிட் என்றாலும் எட்டு நிமிடத்துக்கு 6 ஜிபிதான். ஆனாலும் ஒட்டுக்கு இரண்டு இடமாவது திட்டமிட்டு வையுங்கள். ஏழாவது நிமிடத்தில் ஒருவர் வசனம் தவறினால் முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது.

ஒட்ட இரண்டு வழி போதும். ஒன்று, மறைப்பு: முதுகோ தூணோ கதவோ திரை முழுவதையும் ஆறு முதல் எட்டு ஃப்ரேம் மூட வேண்டும். ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் காட்டிக்கொடுக்கும். கருநிறச் சட்டை நல்லது. கட்டம் போட்ட சட்டை வேண்டவே வேண்டாம். மற்றது விப் பேன், அதாவது சட்டென்று திரும்பும் வீச்சு. முதல் ஷாட் வலப்புறம் வீசி முடிந்தால் இரண்டாவதும் வலப்புறமே வீசிக்கொண்டு தொடங்க வேண்டும், அதே வேகத்தில், அதே உயரத்தில். பலரும் முதல் ஷாட்டின் வீச்சை மெதுவாக்கி நிறுத்திவிடுகிறார்கள். நிற்கக் கூடாது, தேவையான கோணத்தைத் தாண்டி வீசுங்கள், மங்கல் நடுவே வெட்டுங்கள். ஒலியை அதே ஃப்ரேமில் வெட்டாதீர்கள். வசனமோ காலடியோ ஒட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கட்டும். உங்கள் நண்பரைப் போல நிறுத்திப் பார்ப்பவர் தவிர யாருக்கும் தெரியாது.

எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் கேமராவில் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் இருட்டறையிலிருந்து வெளியே வரும்போது திரை வெளுத்துப் பிறகு அடங்கும், ஒட்டின் இரு பக்கமும் நிறம் மாறிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைத்தால் குழல்விளக்கு துடிக்காது. விளக்கு ஸ்டாண்டுக்கு எங்கும் இடமிராது, எனவே காட்சியில் தெரியும் விளக்குகளே வெளிச்சம் தர வேண்டும், பல்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். லிஃப்ட் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதன் எஃகுச் சுவரில் நீங்களே தெரிவீர்கள். நடிகரின் தோளுக்கு நேர் பின்னால் ஒட்டி நில்லுங்கள்.

முதல் நாள் கேமரா வேண்டாம். நடிகர்களோடு நடந்து கடிகாரத்தில் நேரம் பாருங்கள். எட்டு நிமிடம் என்று எழுதியது நடக்கும்போது பத்தாகும். படிக்கட்டும் கதவும்தான் அதிகம் தின்னும். வசனத்தைக் குறைக்காமல் தூரத்தைக் குறையுங்கள். இரண்டாம் நாள் மைக்கோடு. மூன்றாம் நாள்தான் டேக். கடைசி வசனம் முடிந்ததும் உடனே கட் சொல்லாமல் பத்து விநாடி ஓடவிடுங்கள். பிறகு எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, ஒவ்வோர் இடத்தின் வெறும் ஒலியையும் இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒட்டின் அடியில் விரிக்க அது வேண்டும்.