எம்.எட். படிக்கச் சீட்டை எடுக்கலாமா, செயினை அடகு வைக்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் தனியார் மெட்ரிக் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். வயது 34. எம்.எஸ்ஸி., பி.எட். முடித்திருக்கிறேன். பி.எஃப். போகக் கைக்கு 16,500 ரூபாய் வருகிறது. இந்த ஆண்டு எம்.எட். விண்ணப்பிக்க ஆசை. கட்டணம் வருடத்துக்கு 45,000. “வேலையை விடவேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க, கூட 30,000 கொடுங்க” என்கிறார் ஒரு ஏஜென்ட். எம்.எட். முடித்தால் பள்ளியில் 1,500 ரூபாய் ஏற்றித் தருவார்களாம். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஓடுகிறது. அதை எடுக்கலாமா, செயினை அடகு வைக்கலாமா?

பதில்: டீச்சர், கணக்குப் பாடம் எடுக்கிற உங்களுக்கே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.எட். இரண்டு வருட முழுநேரப் படிப்பு. முறையாகப் படிக்க வேலையை விட்டால் 24 மாதச் சம்பளம் 3,96,000 ரூபாய் போய்விடும். கட்டணம் 90,000. பஸ், ரெக்கார்டு, ஆய்வேடு டைப்பிங், பைண்டிங் என்று ஒரு 20,000. ஆக மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல். பள்ளி ஏற்றித் தரும் 1,500 வருடத்துக்கு 18,000. போட்ட பணம் திரும்பி வர 28 வருடம் ஆகும். எம்.எட். முடிக்கும்போது உங்களுக்கு 36. பணம் மீளும்போது 64.

“அரசுப் பள்ளி டீச்சர்களெல்லாம் இன்கிரிமென்ட்டுக்காகவே எம்.எட். படித்தார்களே” என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். உயர்கல்வி முடித்த அரசு ஆசிரியருக்கு இரண்டு ஊதிய உயர்வு கிடைத்துவந்தது. 2020 மார்ச்சில் தமிழக அரசு அதை நிறுத்திவிட்டது. தனியார் பள்ளியில் இருக்கும் உங்களுக்கு அது அப்போதும் இல்லை.

சரி, ஏஜென்ட் விஷயம். வேலையும் போகாது, பட்டமும் வரும் என்பதால் மலிவாகத் தெரிகிறது. ஆனால் ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ.யின் விதிப்படி எம்.எட்.டில் வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், களப்பயிற்சிக்கு 90 சதவீதம். நீங்கள் கல்லூரியில் இருந்ததாக அவர்கள் வருகைப்பதிவு எழுதும் அதே மாதங்களில், உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் பள்ளி கட்டிய தொகை வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் பணி அனுபவச் சான்றையும் எம்.எட். பட்டத்தையும் ஒன்றாக நீட்டினால், இரண்டில் ஒன்று பொய் என்பது தேதியைப் பார்த்தாலே தெரியும். அந்த 30,000 கட்டணமே இல்லை, ரசீதும் தரமாட்டார்கள்.

எம்.எட். யாருக்குத் தேவை? பி.எட். கல்லூரியில் ஆசிரியராகப் போக நினைப்பவர்களுக்கு. அதற்கும் பாட முதுகலையில் 55 சதவீதம், எம்.எட்.டில் 55 சதவீதம் கேட்பார்கள். உங்கள் எம்.எஸ்ஸி. மதிப்பெண்ணை எழுதவில்லையே? முதலில் அதை எடுத்துப் பாருங்கள். அப்படியே, சுயநிதி பி.எட். கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவரிடம், நோட்டீஸில் போட்ட சம்பளத்தை விட்டுவிட்டு வங்கிக் கணக்கில் எவ்வளவு ஏறுகிறது என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்குத் திறந்திருக்கும் பெரிய கதவு வேறு. எம்.எஸ்ஸி., பி.எட். இருப்பதால் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யின் முதுகலை ஆசிரியர் தேர்வை இப்போதே எழுதலாம். அந்தப் பதவியின் அடிப்படைச் சம்பளம் 36,900இல் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. அதற்கு எம்.எட். கேட்பதில்லை. தேர்வு கடினம், போட்டி அதிகம், அறிவிப்பும் வருடா வருடம் வராது. ஆனாலும் அந்த 45,000இல் பாதியைப் புத்தகத்துக்கும் மாதிரித் தேர்வுக்கும் செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

கல்வியியலில் முதுகலை வேண்டும் என்ற ஆசை விடவில்லையா? இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் எம்.ஏ. கல்வியியல் இருக்கிறது. தொலைநிலை, குறைந்தது இரண்டு வருடம், நான்கு வருடம் வரை நீட்டலாம். வேலையில் இருந்துகொண்டே நேர்மையாகப் படிக்கலாம். அது எம்.எட்.டுக்குச் சமம் ஆகாது. ஆனால் 55 சதவீதம் எடுத்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டைக் கல்வியியலில் எழுதலாம்.

சீட்டைத் தொடாதீர்கள். இப்போது 20,000 தள்ளி எடுத்தால் கைக்கு 80,000 வரும். மீதி மாதங்களுக்குத் தவணை கட்டியாக வேண்டும். வேலையை விட்டபின் அதை எதிலிருந்து கட்டுவீர்கள்? செயினும் அப்படித்தான், சம்பளம் இல்லாத வீட்டில் நகைக்கடன் வட்டி மட்டும் தவறாமல் ஏறும். கல்விக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டென்று யாராவது ஆசை காட்டினாலும் மயங்க வேண்டாம். உங்கள் சம்பளத்துக்கு வரியே கிடையாது.

எல்லாம் யோசித்து எம்.எட்.தான் என்று முடிவெடுத்தால் ஒரு வருடம் பொறுங்கள். 2025இல் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிகளில் ஓராண்டு எம்.எட். இருக்கிறது. எந்த விதிப்படி சேர்க்கை என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வருடம் குறைந்தால் உங்களுக்கு இரண்டு லட்சம் மிச்சம். பணம் கட்டும்போது அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. இப்போதைய பள்ளியில் ஏதாவது கொடுத்து வைத்திருந்தால், ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்பே அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.