க்ரூகர் காட்டில் சின்ன லாட்ஜும் திறந்த ஜீப்பும்: கேள்வி பதில்

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இதுவரை தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும், அதன் மேற்கு எல்லையை ஒட்டியிருக்கும் தனியார் காப்பகங்களுக்கும் பதினாறு முறை போயிருக்கிறேன். போன வாரம் இதைப் பற்றிப் பேச்சு வந்ததும் நிறையப் பேர் கேள்வி அனுப்பினீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு பதில் எழுதியிருக்கிறேன். லாட்ஜ் என்று நான் சொல்வது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜை அல்ல. காட்டுக்குள் ஆறேழு குடிலோ கூடாரமோ போட்டு, பன்னிரண்டு பதினான்கு பேரை மட்டும் தங்கவைக்கும் இடம்.

கவிதா, கோவை: அக்கா, முதுமலை, கபினி எல்லாம் போயிருக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இவ்வளவு செலவு செய்து போகத்தான் வேண்டுமா?

முதுமலையை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன், கவிதா. நான் முதல் காட்டு யானையைப் பார்த்தது மசினகுடி ரோட்டில்தான். ஆனால் இது வேறு காடு. க்ரூகர் மட்டுமே சுமார் 19,500 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், நடுவில் புல். அதனால் கண் தூரத்துக்குப் போகும். நம் ஊரில் புதருக்குள் ஒரு வால் தெரிந்தாலே அன்றைக்கு அதிர்ஷ்டம். இங்கே ஒரு யானைக் கூட்டம் ஆற்றில் இறங்கி, குளித்து, கரையேறிப் போகும்வரை முழுசாகப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் பெண் யானைக்கும் தந்தம் இருக்கும். முதல் தடவை பார்க்கும்போது நம் கண் அதை ஏற்கவே மறுக்கும்.

இன்னொரு வித்தியாசம் இரவு. தனியார் காப்பகங்களில் இருட்டிய பிறகும் ஜீப் காட்டுக்குள் இருக்கும். சில விலங்குகளைத் தொடர்ந்து போகப் பாதையை விட்டு இறங்கவும் அனுமதி உண்டு. அப்புறம், நம்மில் பலர் சிறுத்தை என்று ஒரே பெயரில் அழைக்கும் இரண்டு மிருகங்களும் இங்கே உண்டு: மரத்தில் ஏறும் சிறுத்தை, ஓட்டத்துக்குப் பேர்போன சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கினால் அது சிவிங்கிப்புலி.

ராஜேஷ், சென்னை: தனியார் லாட்ஜ் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வேறு வழி இல்லையா அக்கா?

இருக்கிறது தம்பி. சாபி சாண்ட் என்ற தனியார் காப்பகத்தின் பக்கம்தான் விலை உச்சம். கிளாசெரி, பாலூலே காப்பகங்களில் சின்னக் கூடார முகாம்கள் பல, அதைவிடக் குறைவான விலையில் கிடைக்கும். அங்கே இருப்பதும் அதே விலங்குகள்தான். சாபி சாண்ட், டிம்பவாட்டி என்ற தனியார் காப்பகங்களுக்கும் க்ரூகருக்கும் நடுவில் இருந்த வேலியை 1993-லேயே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கத்துக்கு எது அரசுப் பூங்கா, எது தனியார் நிலம் என்று தெரியாது.

நான் பலருக்கும் சொல்லும் வழி இது. முதலில் மூன்று நாள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு க்ரூகருக்குள் அரசு முகாமில் தங்கி நீங்களே ஓட்டுங்கள். தார் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகம், மண் ரோட்டில் 40, அதற்கு மேல் போகக்கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கேயும் காரைவிட்டு இறங்கக்கூடாது. மாலையில் கேட் மூடும் முன் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். அப்புறம் கடைசியில் லாட்ஜுக்குப் போங்கள். மூன்று நாள் உங்கள் கண்ணாலேயே தேடி அலைந்திருந்தால்தான், தடம் பார்த்து விலங்கைக் கண்டுபிடிக்கும் டிராக்கர் செய்யும் வேலை என்ன என்று புரியும். லாட்ஜ் விலையில் பெரும்பாலும் எல்லா வேளைச் சாப்பாடும் தினமும் இரண்டு சஃபாரியும் அடக்கம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஷாலினி, சிங்கப்பூர்: எங்களுக்கு ஐந்து இரவு இருக்கிறது. மூன்று லாட்ஜ் மாற்றி மாற்றித் தங்கலாமா, ஒரே இடமா?

ஒரே இடம், அல்லது அதிகபட்சம் இரண்டு. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரு இரவு தங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மாலை, ஒரு காலை. அந்த அவசரத்தில் வருகிறவர்கள் பட்டியலோடு வருவார்கள்: சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். அந்த 'பிக் ஃபைவ்' பட்டியலே துப்பாக்கிக்காரர்கள் போட்டது. நடந்துபோய் வேட்டையாட மிகவும் ஆபத்தான ஐந்து மிருகங்கள் அவை. பார்க்கப் போகிற நாம் அதை ஏன் சுமக்க வேண்டும்?

என் இரண்டாவது பயணத்தில் நான்கு இரவு ஒரே இடத்தில் இருந்தேன். எங்கள் டிராக்கர் ஷாங்கான் இனத்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜீப்பின் முன்பக்கம், பானெட்டுக்கு மேல் நீட்டியிருக்கும் ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்து வருவார். மூன்றாம் நாள் காலை சட்டென்று கையைத் தூக்கினார். மண்ணில் சிறுத்தையின் தடம். கைடு துள்ளினார். ஆனால் டிராக்கர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தடத்துக்கு மேலே நூல்போல ஒரு கோடு ஓடியது. இரவில் ஏதோ ஒரு பூச்சி அந்தத் தடத்தின் மேல் ஊர்ந்து போயிருக்கிறது. அப்படியானால் சிறுத்தை முன்னிரவிலேயே கடந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அதே சிறுத்தையின் இன்னொரு தடம். அதன் மேல் ஒன்றுமே ஊர்ந்திருக்கவில்லை, விளிம்பு கூராக இருந்தது. அது விடிந்த பிறகு பதிந்த தடம். அங்கிருந்து ஒரு மணி நேரம், சில இடங்களில் ஜீப்பிலும் சில இடங்களில் அவர் மட்டும் நடந்தும், தேடினோம். கடைசியில் ஒரு மரூலா மரத்தில், கிளையில் தொங்கவிட்ட இம்பாலா மானுக்குப் பக்கத்தில் அது படுத்திருந்தது.

அந்தச் சிறுத்தையைவிட அந்தப் பூச்சிக் கோடுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரே இடத்தில் நாலு நாள் இருந்ததால்தான் அது கிடைத்தது. முதல் இரண்டு நாளில் எங்களுக்கு எதில் ஆர்வம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்துவிட்டது. காலையில் அவருக்கு 'அவுஷெனி' சொல்லுங்கள், இறங்கும்போது 'இன்கோமு' சொல்லுங்கள். அவர்கள் பேசும் ட்சோங்கா மொழியில் காலை வணக்கமும் நன்றியும்.

நிரோஷன், கொழும்பு: யாலவில் ஒரு சிறுத்தை தெரிந்தால் இருபது முப்பது ஜீப் வந்து சூழ்ந்துவிடும். அங்கேயும் அப்படித்தானா அக்கா?

க்ரூகரின் தார் ரோட்டில், அதுவும் பெரிய அரசு முகாமான ஸ்குகூசா பக்கம், அப்படி நடக்கும். ரோட்டோரம் சிங்கம் படுத்திருந்தால் கார்கள் வரிசை கட்டும். தனியார் காப்பகத்தில் ஒரு விலங்கருகே பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வண்டிக்கு மேல் விட மாட்டார்கள். மற்றவர்கள் தள்ளி நின்று, ரேடியோவில் முறை கேட்டு வருவார்கள். ரேடியோவில் 'இங்வே' என்று காதில் விழுந்தால் சிறுத்தை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் கூட்டம் குறைவு என்பதாலேயே எல்லாம் சரியாக நடக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு லாட்ஜில், எங்கள் ஜீப்பில் இருந்த இருவர் படத்துக்காக இன்னும் பக்கத்தில், இன்னும் பக்கத்தில் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எதிரே ஒற்றை ஆண் யானை. கன்னத்தில் மதநீர் வழிந்திருந்தது. நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மதம் பிடித்த யானையிடம் போகக்கூடாது என்று. கைடு மனசில்லாமல் வண்டியை நகர்த்தினார். யானை காதை விரித்து, தலையைத் தூக்கி, பதினைந்து அடி தூரம்வரை ஓடி வந்து நின்றது. பின்பக்கமாகவே வண்டியை எடுத்துத் தப்பினோம். அன்று இரவே நிர்வாகியிடம் சொன்னேன். கைடைவிட, கேட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். தயவுசெய்து அந்த வார்த்தையை மட்டும் கைடிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு பக்கம் போகலாம் என்று யானை அவருக்குச் சொல்லும்.

பெயர் வேண்டாம் என்று கேட்டவர்: கதவு, கூரை இல்லாத ஜீப். பக்கத்தில் சிங்கம். பாயாதா?

உட்கார்ந்திருக்கும்வரை பயம் வேண்டாம். பிறந்ததிலிருந்து இந்த வண்டிகளைப் பார்த்து வளர்ந்த சிங்கங்கள் அவை. வண்டியையும் அதில் உள்ளவர்களையும் ஒரே உருவமாகத்தான் பார்க்கின்றன. எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ, கத்தினாலோ அந்த உருவம் உடைகிறது. ஆபத்து அப்போதுதான்.

லாட்ஜில்தான் அதிகக் கவனம் வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பலவற்றுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு ஒருவர் டார்ச்சோடு வந்து அறைவரை கொண்டு விடுவார். அவர் இல்லாமல் பத்தடிகூடப் போகாதீர்கள். பகலில் குரங்குகளுக்காகக் கதவைத் தாழிடுங்கள், பழமும் பிஸ்கட்டும் வெளியே வைக்காதீர்கள். ஒரு முறை நள்ளிரவில் கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் கிளை முறியும் சத்தம், பிறகு பெரிய வயிறு ஒன்று உறுமும் சத்தம். யானை. மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அரை மணி நேரம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த அரை மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மல்லிகா, திருச்சி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மூன்று மணி நேர சஃபாரியில் பாத்ரூம் வந்தால்?

கூச்சமே வேண்டாம், எல்லாப் பெண்களும் மனசுக்குள் கேட்கும் கேள்வி இது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி காபி, டீ கொடுப்பார்கள். மாலையில் சூரியன் இறங்கும் நேரத்தில் நிறுத்துவார்கள். கைடு முதலில் ஒரு புதரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, போகலாம் என்பார். அதற்கு முன்னாலேயே அவசரம் என்றாலும் சொல்லுங்கள், நிறுத்துவார். டிஷ்யூவை ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீரே குடிக்காமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மதியம் தலைவலியோடு படுத்துவிடுவார்கள். அது வேண்டாம்.

அருண், மதுரை: எந்த மாதம் நல்லது? உடை?

மே முதல் செப்டம்பர் வரை அநேகமாக மழை இருக்காது. புல் காய்ந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், பார்ப்பது சுலபம். ஆனால் ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம். விடியற்காலை திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அடிக்கும்போது மதுரைக்காரருக்குப் பல் தந்தியடிக்கும். குல்லா, கையுறை, மேலுக்கு மேல் மூன்று அடுக்கு உடை. போர்வையும் சுடுநீர்ப் பையும் பல லாட்ஜ்களில் தருவார்கள். பத்து மணிக்கெல்லாம் சட்டையோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

நவம்பர், டிசம்பரில் வந்தால் காடு பச்சை. இம்பாலா குட்டிகள், வலசை வந்த பறவைகள். வெயிலும் மழையும் உண்டு. எனக்கு இந்தப் பருவம்தான் பிடிக்கும். முதல் முறை வருகிறவருக்கு ஆகஸ்ட் சொல்வேன்.

ஃபாத்திமா, நாகூர்: காண்டாமிருகப் படங்களில் கொம்பையே காணோமே, ஏன்?

கொம்பைத் திருட்டு வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற, மயக்க ஊசி போட்டு காப்பகக்காரர்களே அறுத்துவிடுகிறார்கள். நம் நகம் போன்ற பொருள்தான், வலிக்காது. ஆனால் திரும்ப வளரும், திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். க்ரூகர் வட்டாரத்துக் காப்பகங்கள் பதினொன்றில் 2017 முதல் 2023 வரை செய்த ஆய்வில், கொம்பு அகற்றியதால் வேட்டை 78 சதவீதம் குறைந்தது. முகம் மொட்டையாக நிற்கும் அந்த மிருகத்தைப் பார்க்க வயிற்றைப் பிசையும். இருந்தாலும் அது உயிரோடு நிற்கிறது. ஒரு வேண்டுகோள்: காண்டாமிருகப் படத்தை இடக் குறிப்போடு எங்கேயும் போடாதீர்கள். போனில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

விசாலாட்சி, காரைக்குடி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. 1860-ல் மெட்ராஸிலிருந்து நம் கூலித் தொழிலாளர்களோடு முதல் கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து இந்த நாட்டுக்கு நம் குழம்பு வாசனை தெரியும். புக் செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக. வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கலாம். விடியற்காலைக் காபியோடு தரும் ரஸ்க்கிலும் சிலதில் முட்டை இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் நான் எப்போதும் கொண்டுபோவேன். ஒரு முறை சமையல்காரம்மா பொடியை ருசி பார்த்துவிட்டுப் பாதி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

செந்தில், பெங்களூரு: ஆறு வயது மகள், முழங்கால் வலியுள்ள அப்பா. இருவரையும் அழைத்து வரலாமா?

மகள் விஷயத்தில் முதலில் லாட்ஜைக் கேளுங்கள். பல இடங்களில் ஆறு வயதுக்குக் கீழே ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள். சில இடங்களில் வரம்பு இன்னும் அதிகம். அடுத்தது மலேரியா. இது மலேரியா உள்ள பகுதி, மழைக்காலத்தில் அதிகம். குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் மாத்திரை, ஆகவே கிளம்ப ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். ஊர் திரும்பிய பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரையைத் தொடர வேண்டும், அதைப் பாதியில் விடாதீர்கள். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால் எங்கே போய்வந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஒன்றும் தடையில்லை. அந்த ஜீப்பில் பின் வரிசைகள் படிப்படியாக உயர்ந்து போகும், ஏறுவது கஷ்டம், குலுக்கலும் அங்கேதான் அதிகம். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டையோ முதல் வரிசையையோ அவருக்கு ஒதுக்கச் சொல்லி இப்போதே எழுதிப் போடுங்கள். ஏற ஒரு சின்ன ஏணியோ ஸ்டூலோ வைப்பார்கள். முதல் மாலையே கைடிடம் முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிட்டால், மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டுவார்.