ஃபார்மட் செய்தால் பேட் செக்டர் போய்விடுமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய ஹார்ட் டிஸ்கில் பேட் செக்டர் (தரவு எழுதப்படும் சின்னச் சின்னப் பகுதிகளான செக்டர்களில் பழுதானது) இருக்கிறது, ஃபார்மட் செய்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குவிக் ஃபார்மட்டால் பயனில்லை; அது கோப்பு அட்டவணையைப் புதிதாக எழுதுவதோடு சரி, மற்ற செக்டர்களைத் தொடுவதே இல்லை.

ஃபுல் ஃபார்மட் வேறு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதுகிறது, விஷயமே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு செக்டரோடும் ஒரு பிழைதிருத்தக் குறியீடு இருக்கும், அதை வைத்தும் படிக்க முடியாமல் போனால் டிரைவ் அந்த செக்டரைச் சந்தேகப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருக்கும், உடனே மாற்றாது, ஏனென்றால் உள்ளே இருப்பது உங்கள் தரவு, அடுத்த முறை படிக்க வந்தாலும் வரலாம். அதன்மேல் புதிதாக எழுதும்போதுதான் முடிவெடுக்கும்: எழுத முடிந்தால் பட்டியலிலிருந்து நீக்கும், முடியாவிட்டால் ஒரு உதிரி செக்டரை அதே முகவரிக்குக் கொடுத்துவிடும். விண்டோஸுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

தரவை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். அப்புறம் ஃபார்மட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட் (SMART) விவரங்களில், அதாவது டிரைவ் தன் ஆரோக்கியம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கில், 5 (உதிரியால் மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (சந்தேகப் பட்டியலில் இருப்பவை) என்ற இரண்டு வரிசைகளையும் பாருங்கள். 197 பூஜ்யமாகி 5 ஏறாமல் நின்றால் பயன்படுத்தலாம். 5 தொடர்ந்து ஏறினால் தயவுசெய்து குடும்பப் படங்களை அதில் வைக்காதீர்கள்.