கென்யக் கடற்கரை: யானைகளும் பாய்மரங்களும்

மொம்பாசாவிலிருந்து லாமு வரையிலான கடற்கரையைப் பலமுறை சுற்றி வந்தவன் என்ற முறையில், பயணத்துக்குத் திட்டமிடுவோர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது, ஐயா?

அது நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கடற்கரையில் அதை முடிவு செய்வது காற்றுதான். ஏறக்குறைய டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை அங்குள்ளோர் 'கஸ்காசி' என்றும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசுவதைக் 'கூசி' என்றும் அழைக்கின்றனர். அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் முன்னதில் வந்து பின்னதில் திரும்பியதால்தான் இக்கடற்கரையோர மக்களான சுவாஹிலிகளின் நகரங்களே வளர்ந்தன. கஸ்காசியில் கடல் தெளிந்திருக்கும் என்பதால், 1968-இல் தொடங்கப்பட்ட வட்டாமு கடல் தேசியப் பூங்காவில் பவளப்பாறைகளைப் பார்க்க அதுவே ஏற்ற காலம். கூசியில் கடல் கலங்கும், கரையில் பாசி ஒதுங்கும்; ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையோரமாகக் கடந்து செல்வதும், மழையற்ற அம்மாதங்களில், கடற்கரைக்கு உள்ளே தள்ளியிருக்கும் சாவோ தேசியப் பூங்காவின் விலங்குகள் நீர்நிலைகளில் கூடுவதும் அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களின் பெருமழையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கடற்கரை விடுதியில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் சாவோ சென்று திரும்பலாம் என்கிறார்களே?

திரும்பலாம், ஆனால் பகலின் பெரும்பகுதி சாலையிலேயே கழிந்துவிடும். விலங்குகள் நடமாடும் அதிகாலையிலும் அந்தியிலும் நீங்கள் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மொம்பாசாவிலிருந்து நைரோபி செல்லும் ரயிலில் வோய் நிலையத்தில் இறங்கி, கிழக்குச் சாவோவில் இரண்டு இரவாவது தங்குங்கள். அங்குள்ள செம்மண்ணில் புரண்டு, துதிக்கையால் அதையே மேலே வாரி இறைத்துக்கொள்ளும் யானைகள் செங்கல் நிறத்தில் நிற்பதைச் சாய்வெயிலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்குக் காடு, எனக்கு வரலாறு. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

கிடைக்கும், வட்டாமுவுக்கு அருகிலுள்ள கெடிக்குச் செல்லுங்கள். பவளக்கல்லால் கட்டப்பட்ட மசூதிகளும் வீடுகளும் கிணறுகளும் கொண்ட இந்தச் சுவாஹிலி நகரம் 17-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன என்பதிலிருந்தே அதன் வணிகத் தொடர்பு எவ்வளவு தூரம் சென்றது என்பது விளங்கும். ஏன் கைவிடப்பட்டது என்பதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லும் வழிகாட்டியை நான் நம்புவதில்லை. சுவர்களைப் பிளந்து மரங்கள் எழுந்திருக்க, இடிபாடுகளில் குரங்குகள் குடியிருக்கின்றன.

அருகிலேயே அரபுக்கோ-சொக்கோக்கே காடு, ஏறத்தாழ 420 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. பின்புறம் பொன்னிறமாக மின்னும் யானை மூஞ்சூறு பெரும்பாலும் இங்குதான் எஞ்சியிருக்கிறது. பெயரில்தான் மூஞ்சூறு, உயிரியல் முறைப்படி அது மூஞ்சூறுகளைவிட யானைக்கே நெருங்கிய உறவு. உள்ளங்கையளவே உள்ள சொக்கோக்கே ஆந்தையைப் பார்க்க உள்ளூர் வழிகாட்டி அவசியம். உண்மையான யானைகளும் இக்காட்டில் உண்டு, தனியே நுழையாதீர்கள்.

கேள்வி: அங்குள்ள மக்களின் சமய வாழ்வைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க வழியுண்டா?

மிஜிகெண்டா மக்களின் 'காயா' எனப்படும் புனிதக் காடுகளை நம்மூர்க் கோயில்காடுகளை அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மூத்தோர் காவலில், மரம் வெட்டுவதற்குத் தடையோடு அவை காக்கப்பட்டு வந்தன. 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இவற்றுள் டியானிக்கு அருகிலுள்ள காயா கினோண்டோ பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. இடுப்பில் கருந்துணி கட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும்; அங்குள்ளோர் சொல்வதை மீறிப் படம் எடுக்காதீர்கள். லாமு முஸ்லிம்களின் ஊர். தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்துங்கள். கார்களுக்குப் பதில் கழுதைகள் நடமாடும் அச்சந்துகளுக்கு விமானத்தில் செல்வதே பாதுகாப்பு. வடக்குச் சாலைகளைக் குறித்த அரசு எச்சரிக்கைகளைப் புறப்படுமுன் படியுங்கள்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாக. தேங்காய்ப்பாலில் வெந்த துவரையை 'ம்பாசி' என்பார்கள். அதை 'மஹம்ரி' என்னும் பொரித்த ரொட்டியுடன் காலையில் உண்பது அங்கு வழக்கம். சப்பாத்திக்கு அங்கும் சப்பாத்திதான் பெயர்.

கேள்வி: கடைசி நேரத்தில் மறந்துவிடக்கூடியவை எவை?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அதைக் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள்கள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும். மலேரியா மாத்திரை குறித்து மருத்துவரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் அங்கு தடை இருப்பதால், ஊறுகாய் சுற்றிய பையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.