பத்து வீதக் கழிவு

கேள்வி: பெறுமதியையும் நலத்தையும் பொருளியலாளர் இலக்கத்தில் சொல்கிறார்கள். சுரண்டல் வெறும் மேடைச் சொல். அளக்க ஏலாததை ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள்?
– வாசகர் ஒருவர், கோப்பாய்

பதில்: கோப்பாயில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? விடியப்புறம் ஒருக்கால் சந்தைப் பக்கம் போய் வாருங்கள். கமக்காரர் நூறு கிலோ கத்தரிக்காய் இறக்குவார், தொண்ணூறுக்குத்தான் காசு. மிச்சம் 'கழிவு'. அழுகல், ஈரம் என்று காரணம் சொல்வார்கள். சரி, பூசணிக்காய்க்கும் ஏன் அதே பத்து? ஒரே நாளில் அழுகிய பூசணியை நான் கண்டதில்லை.

நூற்றில் பத்து, ஆகவே 10 வீதம். இது வியாபாரியின் கணக்கு. காசு கிடைத்த தொண்ணூறால் வகுத்தால் 11 வீதம் தாண்டும். ஒரு வீதத்துக்கா இந்தச் சண்டை என்பீர்கள். 1867இல் வந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் இந்த வகுத்தலுக்கென்றே ஒரு சிறு அத்தியாயம் எழுதினார். 12 மணிநேர வேலையில் 6 மணிநேரம் கூலிக்குச் சரி, மீதி 6 முதலாளிக்கு. முழு நாளால் வகுத்தால் 50 வீதம். கூலிக்குரிய நேரத்தால் வகுத்தால் 100. முதற் கணக்கில் எவ்வளவு பிழிந்தாலும் நூறைத் தொடாது. ஏன் அந்தக் கணக்கு சிலருக்குப் பிடித்தது என்று விளங்குகிறதா?

மார்க்சின் உழைப்பு நேரத்தைச் சந்தை விலையாக மாற்றுவதில் சிக்கல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அவர் வேண்டாமென்றால் கேம்பிரிட்ஜுக்குப் போவோம். இன்னோர் ஆளைச் சேர்ப்பதால் கூடும் விளைவின் பெறுமதிக்குக் கீழே கூலி போனால் அது சுரண்டல் என்றவர்கள் அங்கிருந்த பொருளியலாளர்கள் பிகூவும் ஜோன் ரொபின்சனும். வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தைக்கு 1933இல் தன் நூலில் தனிப் பெயரே வைத்தார் ரொபின்சன். நம்மூரில் வாங்குபவர் பலர், கழிவு மட்டும் ஒன்று. கழிவைப் பொறுத்தவரை எல்லாரும் ஒரே ஆள் மாதிரித்தான். 'விரும்பித்தானே விற்றார்' என்று எனக்கு எழுதாதீர்கள். இறக்கிய கத்தரிக்காயைத் திருப்பி ஏற்றிக்கொண்டு அவர் எங்கே போவார்?

நலம்? தேசிய வருமானத்தை வைத்து நாட்டின் நலத்தை மட்டிட முடியாதென்று அதைக் கணக்கிட்ட சைமன் குஸ்நெற்சே 1934இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு எழுதினார். 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டி வந்தது: ஆயுள், கல்வி, வருமானம். மூன்றும் சராசரிதான், யாருடையது யாருக்குப் போனது என்று காட்டாது.

அந்தப் பத்துக் கிலோவை மட்டும் புள்ளிவிபரம் தவறவிடாது. பின்னேரம் வியாபாரி அதை விற்ற காசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறும், வியாபாரத் துறை கூட்டிய பெறுமதியாக.