இரவு நேரத்தில் படம் வரைய 12,000 ரூபாய் பயிற்சி தேவையா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் வசிக்கிறேன். வயது 42, அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. திருமணத்துக்கு முன் பென்சில் சித்திரம் நன்றாக வரைவேன். இப்போது இரவு 8 மணிக்கு வேலை ஓய்ந்து உட்கார்ந்தால், கைபேசியில் குறுங்காணொளிகள் பார்த்தே 11 மணி ஆகிவிடுகிறது. வீரவநல்லூரில் தனியாக இருக்கும் என் அம்மா இதய நோயாளி என்பதால் கைபேசியை அணைத்து வைக்கவும் பயம். திருநெல்வேலியில் ஒரு மையம் இதை ஒரு நோய் என்று சொல்லி, 21 நாளில் இப்பழக்கத்தை மாற்ற 12,000 ரூபாய் கேட்கிறது. முன்பணமாக ஒரு தொகை கட்டிவிட்டேன். தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நோயன்று. நாள் முழுவதும் உழைத்துக் களைத்த ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நிற்கும் காணொளிகள் இருக்கின்றன; அடுத்தது பிடிக்குமா என்பது பார்த்த பிறகே தெரியும் என்பதால் விரல் ஓய்வதில்லை. அந்தச் செயலிகள் அப்படியே வடிவமைக்கப்பட்டுள்ளன; உங்கள் மன உறுதியை நொந்துகொள்ள வேண்டியதில்லை. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மின்னணு விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருப்பது உண்மை. காணொளி பார்ப்பது அதில் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. அந்த ஒன்றைக் காட்டி எல்லோரையும் நோயாளியாக்கிப் பணம் பறிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கடும் கோபம் வருகிறது.

21 நாள் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கம் படிவதற்கான காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறுபட்டது. அதைவிடப் பெரிய ஆபத்து, இத்தகையவர்கள் வாட்ஸ்அப்பில் இணைப்பாக அனுப்பி நிறுவச் சொல்லும் ‘தடுப்புச் செயலி’. அது ‘அக்சஸிபிலிட்டி’ (திரையைப் படித்து இயக்க உதவும் அணுகல் வசதி) அனுமதி கேட்டு, நீங்களும் கொடுத்துவிட்டால், உங்கள் திரையில் தெரிவதையெல்லாம், வங்கிக் கணக்கு விவரம் உட்பட, அதனால் படிக்க முடியும். ஏற்கெனவே நிறுவியிருந்தால் இன்றே அந்த அனுமதியை விலக்கிவிட்டு நீக்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளிலேயே ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற அமைப்பு உண்டு. அதில் காணொளிச் செயலிக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்று வரம்பு வைப்பதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

அம்மாவைப் பற்றிய பயத்துக்கு வழி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைபேசியை அணைக்காமல், ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் வையுங்கள். அதன் அமைப்பில், நட்சத்திரக் குறியிட்ட தொடர்புகளின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். அம்மாவின் எண்ணுக்கும், அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் எண்ணுக்கும் நட்சத்திரம் இடுங்கள்; மயங்கி விழுந்தவரால் அழைக்க முடியாது, பக்கத்து வீட்டார்தான் அழைப்பார். மருத்துவமனை போன்ற புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள்: ஒரே எண் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கும்படியும் அங்கேயே அமைக்கலாம். பிறகு ஒலியை முழுதாகக் கூட்டி, கைபேசியை அடுத்த அறையில் மின்னேற்றியில் போட்டுவிடுங்கள். ஒருநாள் அம்மாவையும் ஒருநாள் பக்கத்து வீட்டாரையும் அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்த பிறகே இதை நம்ப வேண்டும்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இரவு 9 மணிக்கு வந்து விழும் சுற்றறிக்கைகள் காலையில் பார்க்கப்படட்டும். பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017-இலேயே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. இங்கே 2018-இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக வந்தும் சட்டமாகவில்லை. ஊழியரின் உறக்க நேரத்தில் கோப்பைத் தள்ளிவிட்டு, மறுநாள் ‘பார்க்கவில்லையா’ என்று கேட்கும் வழக்கத்தை எந்த அதிகாரியும் வெட்கத்துக்குரியதாக நினைப்பதில்லை.

கைபேசியை விலக்குவது மட்டும் போதாது. அந்த இடத்தில் வரைதாளும் கூர்தீட்டிய பென்சிலும் 8 மணிக்கு முன்பே விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். என்ன வரைவது என்பதையும் முந்தைய நாளே முடிவு செய்யுங்கள், களைத்த மனம் அதை யோசிக்காது. மாதிரிக்குப் படம் தேடிக் கைபேசியைத் திறக்கவும் கூடாது. விடுமுறை நாளில் பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குக் குறிப்பேட்டுடன் செல்லுங்கள். அங்குள்ள நாயக்கர் காலத் தூண் சிற்பங்களில் குறவனின் கையையோ வீரபத்திரரின் வாளையோ மட்டும் கோட்டுருவாக எடுத்து வந்தால், வாரம் முழுவதும் வீட்டில் நிரப்பி வரைய வேலை இருக்கும். முதலில் அரை மணி நேரம் வரைந்தால் போதும்.

உறக்கம் கெட்டு, வேலைக்குச் செல்ல முடியாமல், மனம் மிகவும் சோர்ந்திருந்தால் மட்டும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டிய முன்பணத்தை ரசீதுடன் எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.