நாலு வாயோடு எழுந்துவிடும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 2 வயது. நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. செல்போனைக் காட்டித்தான் ஊட்டுகிறேன். எடை குறைந்துவிடுமோ?

பதில்: முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகும்; அதன்பின் வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். பசி மந்தமாவது இயல்பே.

முதலில் பாலை அளந்து பாருங்கள். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமேது? இரும்புச்சத்தும் குறையும். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு. நடுவில் தண்ணீர் மட்டும். தட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி போதும், கேட்டால் மறுபடி. உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். செல்போன் பார்க்கும் பிள்ளைக்கு அந்த உணர்வே பிடிபடாது. அளவு மீறிச் சாப்பிடும் பழக்கம் அங்கேதான் தொடங்கும். அரைமணியில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல்.

வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு தொடர்ந்து கீழிறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.